பொறுப்பு: ஊர்

செம்மேடு, செவ்வாய்க் கிரகம்
ஊருணி மடை அறைக் குறிப்பேடு
எழுதுவது: இருதயமேரி சவரிமுத்து, நீர்ப் பொறியாளர், வயது 53

ஊர் நாள் 10,847. காலை 06:10

கம்பளவு 241 செ.மீ. நேற்றைவிட 2 கூட. நீரின் வெப்பம் 9 பாகை. உப்பு கொஞ்சம் ஏறியிருக்கிறது. வடக்கு மடை மூடல். தெற்கு மடை மூடல். அறையில் கசிவு இல்லை.

வழக்கமான நாள். இதைப் படிப்பவர் செம்மேட்டுக்காரராக இருக்க வேண்டும் என்றில்லை, அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு பெரும்பள்ளத்துக்கு மேல் கூரை போட்டு, அடியில் நாலாயிரத்துச் சொச்சம் பேர் குடியிருக்கிறோம். ஊரின் சூட்டில் அடிமண்ணில் உறைந்த பனி உருகும். அந்த உப்புத் தண்ணீர் எங்காவது போய்ச் சேர வேண்டுமே? தாழ்ந்த இடத்தில் கரை எழுப்பிச் சேர்த்தோம். அதுதான் ஊருணி. சுத்தம் செய்யாமல் குடிக்க முடியாத தண்ணீருக்கு ஊருணி என்று பேர். ஆசைக்கு வைத்தது, கேலி பண்ண வேண்டாம்.

குளத்துக்குத் தெற்கே, கரைக்குக் கீழே, தோப்பு. பூவரசு, புங்கை, வேம்பு எல்லாம் சேர்த்து அறுநூற்று நாற்பது மரம். இந்தக் கிரகத்தில் வேறு மரம் கிடையாது. வடக்கே படிக்கட்டு இறங்கினால் ஏழாம் சுரங்கம், பிற்காலத்தில் தோண்டியது. நான் உட்கார்ந்திருக்கும் மடை அறை குளக்கரைக்கு அடியில் ஒரு பொந்து. இரண்டு மடைகளின் சக்கரமும் இங்கேதான்.

மரம் தோட்டத் துறைக்குச் சொந்தம். குழாய் குடிநீர்த் துறைக்குச் சொந்தம், அதில்தான் எனக்கு வேலை. கரைமேல் நடைபாதை சாலைத் துறைக்குச் சொந்தம். குளத்துக்கு மட்டும் துறை இல்லை. துறை இல்லாவிட்டால் மின்னணு அளவி வைக்க மாட்டார்கள். அதனால் நான் கம்பை வைத்து அளக்கிறேன்; கூரைத் துளையில் பதித்த கண்ணாடி வழியாக மடை அறையிலிருந்தே அதைப் படிக்கலாம்.

ஊர் நாள் 10,848. பகல் 12:40

கம்பளவு 243.

நகரத் திட்ட இயக்குநர் குணாளனிடமிருந்து செய்தி. அப்படியே பதிகிறேன்:

“மேரி மேடம், கூட்டத்துல முடிவாயிடுச்சு. நாளைக்குக் காலையில வடக்கு மடையைத் திறந்து விட்ருங்க. ஆறு நாள்ல குளம் வடிஞ்சிரும். அப்புறம் மண்ணைப் போட்டு நிரப்பி, அறுபத்தோரு வீடு. ஏழாம் சுரங்கத்துல இருக்கிற எல்லாக் குடும்பத்துக்கும். நீங்க சந்தோஷப்படணும் மேடம்.”

சந்தோஷப்பட வேண்டுமாம்! பனி உருகிவரும் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன். “குளத்துக்கு வரத்து இருக்கிறதா கணினியில பதிவே இல்லையே” என்றார். பதிவு எப்படி இருக்கும்? அளவி இல்லையே. அளவி ஏன் இல்லை? துறை இல்லை.

இனி என் தப்பைச் சொல்கிறேன். ஊர் உண்டான முதல் வருடத்தில் நிலப் பதிவேட்டை எழுதியது நான். இருபத்து மூன்று வயது, ஊர் மண்ணை இன்னும் உதறாத காலம். ஒவ்வொரு இடத்துக்கும் “பொறுப்பு” என்று ஒரு கட்டம். குளம், கரை, வரத்துக்கால் மூன்றுக்கும் அந்தக் கட்டத்தில் “ஊர்” என்று எழுதினேன். பூமியில் எங்கள் பக்கத்தில் ஊருணியை ஊர்தான் பார்க்கும். வருடத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து தூர் வாருவார்கள். குடிமராமத்து என்று பெயர். இங்கேயும் இருபது வருடம் அப்படித்தான் செய்தோம். ஆயிரம் பேர் மண்வெட்டியோடு சேற்றில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு நிலத்தைப் பங்கிட ஒரு கணினி வந்தது. அதன் பட்டியலில் பதினோரு துறை. “ஊர்” என்று ஒரு துறை அதில் இல்லை. பொறுப்பாளர் இல்லாத இடம் என்று எடுத்துக்கொண்டது. பாதுகாப்பு விதி என்று சொல்லி ஒன்பது வருடத்துக்கு முன் குடிமராமத்தையும் நிறுத்தினார்கள். வடக்குக் கரையை நாற்பது செ.மீ. சீவி நடைபாதை போட்டார்கள். 340 இருந்த கரை 300 ஆனது. கூட்டத்தில் தோட்டத் துறை மரத்துக்காகப் பேசும், சாலைத் துறை பாதைக்காகப் பேசும். குளத்துக்காகப் பேச நாற்காலியே கிடையாது. போய்ப் பின்னால் நின்று கத்தினேன். குறிப்பில் ஏற்றவில்லை.

குணாளன் கெட்டவர் இல்லை. ஏழாம் சுரங்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் தூசியில் அடுக்குக் கட்டிலில் படுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வீடு வேண்டும், இன்றைக்கே வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் குளத்தை மூடினால் தண்ணீர் முதலில் இறங்கப்போவது அவர்கள் படுக்கைக்குத்தான்.

திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஊர் நாள் 10,849. காலை 05:30

கம்பளவு 245.

கதவை உள்ளே இருந்து சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டேன். நாலு பக்கமும், நிறுத்தி நிதானமாக. பற்றவைக்கும் வாயு தீர்ந்தது, போகட்டும். இரண்டு மடையும் இந்தச் சக்கரத்தைத் திருப்பினால்தான் திறக்கும். இனி என்னைக் கேட்காமல் எவரும் திருப்ப முடியாது.

கையிருப்பு: அவல் நாலு கிலோ, கடலை மிட்டாய் ஒரு டப்பா, குடிநீர் அறுபது லிட்டர், காற்றுக் கலன் மூன்று. பன்னிரண்டு நாள் தாங்கும்.

தோட்டத் துறைத் தலைவர் காத்தமுத்து அழைத்தார்:

“யக்கா, ஒனக்கென்ன கிறுக்கு புடிச்சிருக்கா? கதவைப் போயி பத்தவச்சிருக்கே! வெளிய எப்படி வருவே?”

“அவுங்க உத்தரவை வாபஸ் வாங்கட்டும். நீ வெட்டு, நான் வாரேன்.”

“இருவது வருசமா ஒன் குளத்து உப்பு என் மரத்து வேரைத் திங்குது. குளம் போனா எனக்கு நிம்மதின்னு நெனச்சேன் தெரியுமா?”

“ஒன் மரத்து வேருதான்லே என் கரையை ஓட்டை போடுது. வையி போனை.”

வைக்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தான். இந்தக் காத்தமுத்துவோடு நான் சண்டை போடாத வாரம் கிடையாது. கரையோரம் மரம் வேண்டும் என்பான், ஆழமாக வேர் விடும் மரம் வேண்டாம் என்பேன். மரத்துக்கு நல்ல தண்ணீர் கேட்பான், சுத்திகரித்த தண்ணீர் முதலில் மனுஷருக்கு என்பேன். இரண்டு பேர் சொல்வதும் சரி. அதுதான் தொல்லை.

ஊர் நாள் 10,850. மாலை 16:15

கம்பளவு 248. மூன்று ஏறியிருக்கிறது. ஏன்?

திறந்த அலைவரிசையில் ஒரு பெண் குரல். பாத்திமுத்து என்று பெயர். ஏழாம் சுரங்கம், செங்கல் சூளையில் வேலை.

“ஏம்மா, நீங்கதானா அந்தக் கொளத்துக்காரம்மா? எம்மவளுக்கு ஏழு வயசு. ராவும் பகலும் இழுக்குது. மூச்சு வுடுறதே பெரும்பாடா இருக்கு. வீடு வருதுன்னாங்க. நீங்க கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கீங்களாமே. நல்லாயிருப்பீங்களா?”

தண்ணீரைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

“ஒங்க கொளத்தையும் நாங்க பாத்ததில்ல, தோப்பையும் பாத்ததில்ல. தோப்புக்குள்ள வர அட்டை வேணும். மேல்மட்டத்து வீட்டுக்காரவுகளுக்குத்தான் அட்டை. எம்மவ ஒரு மரத்தைத் தொட்டதில்ல. அதைக் காப்பாத்த நாங்க சாவணுமா?”

அட்டை முறை வந்தபோது நானும் கூட்டத்தில் இருந்தேன். அதிகம் பேர் வந்தால் கரை மிதிபடும் என்று சொன்ன ஆளே நான். யார் வரக்கூடாது என்று ஆகும் என்று யோசிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. இதையும் பதிந்து வைக்கிறேன்.

ஆனாலும் திறக்க மாட்டேன்.

ஊர் நாள் 10,851. காலை 07:00

கம்பளவு 252. நாலு.

06:30க்கு மின்சாரம் போனது. போகவில்லை, நிறுத்தினார்கள். குணாளன்: “மேடம், ஒங்களைக் கஷ்டப்படுத்தணும்னு இல்ல. வெளிய வாங்க, பேசிக்கலாம்.” பேசுவதற்குத்தானே ஒன்பது வருடம் வாசலில் நின்றேன்!

விளைவு: விளக்கு இல்லை, விசிறி இல்லை, மடை மோட்டார் இல்லை. மடைத் தண்டைச் சுற்றியுள்ள அடைப்புக்கு அழுத்தம் கொடுக்கும் பம்பும் இல்லை. இப்போதைக்கு ஆபத்தில்லை. மடை மூடியிருக்கும்வரை அடைப்பு வேலையில்லாமல் சும்மா இருக்கும். தெற்கு மடையைத் திறந்தால்தான் அங்கே தண்ணீர் பீறிடும்.

தலைவிளக்கு வெளிச்சத்தில் கைக்கணினியில் எழுதுகிறேன். கோபம் வந்தால் எனக்குக் குளிர் தெரியாது, அந்த விதத்தில் குணாளனுக்கு நன்றி.

ஊர் நாள் 10,853. காலை 09:20

கம்பளவு 266. இரண்டு நாளில் பதினாலு. முப்பது வருடத்தில் இப்படி ஏறியதில்லை.

பாத்திமுத்துவை நானே அழைத்தேன். சூளை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வடக்குச் சுவரோரமாம், புது வீடுகளுக்குச் செங்கல் சுட ஆறு நாளாக ராப்பகலாக எரிகிறதாம். போச்சு! நேர் கீழே உறைபனிப் படுகை. வீடு கட்டச் சுடும் செங்கல்லின் சூட்டிலேயே வெள்ளம் கிளம்பி வருகிறது.

என் பிடிவாதத்தை ஓரமாக வைத்துவிட்டு யோசித்தேன். தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தே ஆகவேண்டும். வடக்கு மடையை ஒரு விரல் அளவு மட்டும் திறந்தேன். குழாய் ஏழாம் சுரங்கத்துக்கு அடியில் ஓடிச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர வேண்டும். நாலு நிமிடத்தில் பாத்திமுத்துவின் குரல்:

“யம்மா! மூடுங்க! சொவத்துலேருந்து தண்ணி பீச்சியடிக்குது, புள்ளைங்க படுக்கையெல்லாம் போச்சு! மூடுங்கன்னா!”

மூடிவிட்டேன்.

சுவரைப் பார்த்து வரச் சொன்னேன். போன மாதம் புது வீடுகளுக்கு அடித்தளம் பார்க்க ஒரு தூணை இறக்கினார்களாம். அது குழாயை நடுவில் குத்திக்கொண்டு நிற்கிறது. குழாய் ஒரு துறை, தூண் ஒரு துறை. ஒருவர் வரைபடத்தை ஒருவர் பார்ப்பதில்லை. 10,849 அன்று உத்தரவுப்படி நான் முழு மடையைத் திறந்திருந்தால், இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் தூக்கத்திலேயே போயிருப்பார்கள்.

பாத்திமுத்து “மேரியக்கா, இப்ப என்ன செய்ய?” என்றாள். அம்மா போய் அக்கா ஆகிவிட்டேன்.

ஊர் நாள் 10,854. பகல் 11:00

கம்பளவு 279.

குணாளனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சூளையை நிறுத்து, சுரங்கத்தைக் காலி பண்ணு, மின்சாரத்தைக் கொடு. மூன்றே விஷயம். அவர் பதில்:

“மேடம், கணினியில குளத்து மட்டம் மாற்றம் இல்லைன்னுதான் காட்டுது. ஒரு கம்பை நம்பி எப்படி மேடம் எரநூறு பேரை எழுப்புறது? எங்க கொண்டுபோயி வைக்கிறது?”

“தகவல் இல்லை” என்பதை அந்த யந்திரம் “மாற்றம் இல்லை” என்று காட்டுகிறது. பத்து தடவை சொன்னேன். வந்து பாருங்கய்யா, கரைமேல் நின்று ஒரு தடவை குனிந்து பாருங்கள் என்றேன். கூட்டம் இருக்கிறதாம்.

அவரை நம்பிப் பயனில்லை. கைக்கணினியில் பதிவேட்டைத் திறந்தேன். “பொறுப்பு” கட்டம், என் பழைய கையெழுத்து மாதிரியே “ஊர்” என்று நிற்கிறது. கீழே சின்ன எழுத்தில் ஒரு விதி: துறையின் பெயர் அல்லது ஆளின் பெயர். ஆளின் பெயர்! இத்தனை வருடம் இதை நான் படிக்கவே இல்லை. நீர்ப் பொறியாளர் என்று பட்டம் வேறு.

என் பெயரை எழுதினேன். ஏற்றுக்கொண்டது. உடனே கம்பளவு 279 என்று ஏற்றினேன். அதையும் ஏற்றுக்கொண்டது. எச்சரிக்கை மணி அடித்திருக்க வேண்டும். ஒரு ஆள் இறந்தால் கட்டம் மறுபடி காலியாகும் என்றும் அதே விதியில் இருக்கிறது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

11:40. குணாளன் அழைத்தார். குரல் மாறியிருக்கிறது. கரைக்கு வந்து பார்த்தாராம். சூளையை அணைக்கச் சொல்லிவிட்டார். மண்ணுக்குள் போன சூடு அணையாது, இரண்டு நாள் உருக்கும். மின்சாரம் கொடுக்கப் பார்த்தார்கள், கேபிள் போன குழியில் தண்ணீர். போட்டால் இணைப்பு விழுந்துவிடுகிறது. என் கதவுக்கு வெளியே படிக்கட்டுக் குழியிலும் அதே தண்ணீர், அது வடிந்த பிறகுதான் வெட்டலாமாம்.

“என் தப்பு மேடம்” என்றார்.

“நம்ம தப்பு. அழாம வேலையைப் பாருங்க” என்றேன்.

ஊர் நாள் 10,855. காலை 06:00

கம்பளவு 291.

ஏழாம் சுரங்கத்தைக் காலி செய்து, ஜனத்தை மேலே சும்மா கிடக்கும் விழா அரங்கில் தங்கவைக்க உத்தரவு வந்தது. காற்றுக் கதவு ஒரு தடவைக்கு ஆறு பேரைத்தான் விடும், ஐந்து நிமிடம். மொத்தம் மூன்று மணி நேரம். படுக்கையில் கிடப்பவர்களை எடுக்க ஆள் சேர்த்து, ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கிறார்கள்.

08:20

296. மணிக்கு இரண்டு ஏறுகிறது. 300 ஆனால் சீவிய கரையைத் தாண்டி, படிக்கட்டு வழியாகச் சுரங்கம். பத்தரைக்குத் தண்ணீர் போய்விடும். பன்னிரண்டு மணி வரைக்கும் ஆட்கள் உள்ளே இருப்பார்கள்.

ஒரே வழி தெற்கு மடை. தோப்புக்குள் திறந்துவிட வேண்டும். இந்த உப்புத் தண்ணீரில் ஒரு நாள் நின்றால் மரம் தப்பாது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். தெற்கு மடையைக் கையால் திறக்கலாம். ஓடும் தண்ணீரில் அதை மூட மோட்டார் வேண்டும். பம்பு இல்லாத அடைப்பு வழியாக இந்த அறைக்குள் தண்ணீர் வரும், இரண்டரை மணி, கூடினால் மூன்று மணி நேரத்தில் நிரம்பும். கதவை நானே பற்றவைத்தேன். வெளியே படிக்கட்டுக் குழியில் தண்ணீர் இன்னும் வடியவில்லையாம். வெட்டினால் அதுவும் உள்ளேதான் வரும்.

பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்பார்கள், குறையவில்லை.

09:05

தெற்கு மடைக்கு முன்னால் தோப்புப் பக்கம் ஒரு பலகை அடைப்பு உண்டு. அதைக் காத்தமுத்துதான் எடுக்க வேண்டும். சொன்னேன்.

“யக்கா...”

“சீக்கிரம் சொல்லு.”

“அந்த மொதப் பூவரசு, வெதையை என் சட்டைக்குள்ள வச்சுக் கொண்டுவந்தேன் யக்கா. விதிப்படி கொண்டுவரக் கூடாது. சோதனையில மாட்டியிருந்தா ஊருக்குத் திருப்பி அனுப்பியிருப்பான்.”

“தெரியும்லே. நான்தான ஒன் மூட்டையைச் சோதிச்சேன்.”

சிரித்தான். அழுதான். இரண்டும் சேர்ந்தே வந்தது.

“நீ எப்படி வெளிய வருவே?”

“அதை நான் பாத்துக்கிறேன். பலகையை எடு.”

பொய் சொன்னேன். முப்பது வருடத்தில் அவனிடம் சொன்ன ஒரே பொய்.

09:40

பலகை எடுத்தாயிற்று. சக்கரத்தை நாற்பத்திரண்டு சுற்று சுற்றினேன். தோள் கழன்றுவிடும்போல் இருக்கிறது. திறந்துவிட்டது! போகிறது! சுவர் அதிர்கிறது.

தெறிப்பில் கூரைக் கண்ணாடி மங்கிவிட்டது, கம்பு அளக்கக் குணாளனையே கரையில் நிறுத்தியிருக்கிறேன். 298. ஏறுவது குறைந்திருக்கிறது.

அறையில் கணுக்கால்.

10:30

298 முக்கால். முழங்கால். தண்ணீர் ஒன்பது பாகை. இத்தனை வருடம் அந்த எண்ணை எழுதியிருக்கிறேன், காலால் இன்றைக்குத்தான் படித்தேன்.

சுரங்கத்தில் இருந்து நூற்றெட்டுப் பேர் வெளியே.

காத்தமுத்து அலைவரிசையில் கத்துகிறான். என்னமோ ஏதோ என்று பதறினேன். வெளியே வந்த சுரங்கத்து ஜனம் அரங்குக்குப் போகவில்லையாம். பாத்திமுத்து அவர்களைத் தோப்புக்குக் கூட்டிவந்துவிட்டாள். அட்டை கேட்ட காவலாளியை, “அட்டையா? தள்ளுய்யா அங்கிட்டு” என்று ஓரமாகத் தள்ளிவிட்டார்களாம். கையில் கிடைத்த தட்டு, சூளைக் கரண்டி, மண்வெட்டி எல்லாவற்றையும் வைத்துத் தோப்புக்கு நடுவே மண் கரை எழுப்புகிறார்கள். தண்ணீரைப் பாதித் தோப்போடு நிறுத்தப் பார்க்கிறார்கள்.

குடிமராமத்து!

ஒன்பது வருடம் கழித்து. யாரைத் தோப்புக்குள் விடாமல் வைத்திருந்தோமோ அவர்கள். சத்தமாகச் சிரித்துவிட்டேன். இந்தப் பொந்தில் எதிரொலி நன்றாக இருக்கிறது.

11:15

299. நிற்கிறது. ஏறவில்லை. இடுப்பு.

பாத்திமுத்து: “மேரியக்கா, எம்மவ ஒரு மரத்தைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு வர மாட்டேங்குறா. மேட்டுப் பக்கம் இருக்கிற மரம். அதை வுட மாட்டோம், பாத்துக்கோங்க.”

விடாதே.

11:50 (குரல் பதிவு, கை மரத்துவிட்டது)

நெஞ்சு வரைக்கும். சக்கரத்து மேல ஏறி உக்காந்திருக்கேன். மொத்தம் எரநூத்து நாலு பேரு வெளிய.

அடுத்த ஊரைக் கட்ட வாறவங்களுக்குச் சொல்லுறேன், கேட்டுக்கோங்க. குளத்துக்கும் மரத்துக்கும் வீட்டுக்கும் சண்டை வரும். வரத்தான் செய்யும். மூணையும் ஒரே மேசையில வையுங்க. மூணுல எதுவுமே கிடைக்காத ஆளை முதல்ல உக்கார வையுங்க. நாங்க பின்னால நிக்க வச்சோம், நானும் சேந்துதான்.

வீடு கொடுங்க. சும்மா நிக்கிற அரங்கை இடிச்சுக் கொடுங்க. குளத்துல கட்டாதீங்க. நான் செத்தாலும் இதைத்தான் சொல்லுவேன்.

12:08 (குரல் பதிவு)

எரநூத்துப் பன்னெண்டு. எண்ணிச் சொல்லுறான் குணாளன். ரெண்டு தடவை எண்ணச் சொன்னேன். எரநூத்துப் பன்னெண்டு.

298 முக்கால். எறங்குது... எறங்குதுய்யா!

காத்தமுத்து, ஏலே, வெட்டாத. கதவை வெட்டாத, தண்ணி உன் மேல... கேக்குதா? பொய்தான் சொன்னேன். கோவிச்சுக்கிடாத.

கட்டம் காலியாயிரும். அந்தக் கட்டத்தை... பாத்திமுத்து, அந்தக் கட்டத்துல ஆள் பேரு போடணும், ஆள்

ஊர் நாள் 10,861. காலை 06:10

கம்பளவு 236.

எழுதறது பாத்திமுத்து. ஏழாம் சுரங்கம். எனக்கு மேரியக்கா மாதிரி எழுத வராது. வெப்பம் பாகை எல்லாம் இன்னும் படிக்கலை, காத்தமுத்தண்ணன் சொல்லிக் குடுக்குறேன்னுருக்காரு.

மடையைப் பலகையால அடைச்சு அறைத் தண்ணியை எறைச்சப்பறம் நேத்துதான் கதவை வெட்டுனோம். அக்கா சக்கரத்தை ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தாங்க. எடுக்க ரொம்ப நேரமாச்சு. நாங்க கட்டுன மண் கரைக்கு இந்தப் பக்கம், மேட்டுல பொதைச்சோம். தோப்புல நானூத்துச் சொச்சம் மரம் போச்சு. எரநூத்துப் பதிமூணு நிக்குது. சட்டைக்குள்ள வந்த பூவரசு போயிருச்சு. அண்ணன் அதோட வெதை எடுத்து வச்சிருக்காரு.

அக்கா மூச்சு நின்ன அன்னிக்கே கட்டம் காலின்னு கம்ப்யூட்டர் காட்டிச்சு. முந்தாநேத்துக் கூட்டம் வச்சாங்க. குளம் எறங்கிருச்சு, இப்ப மண்ணைப் போடலாம்னு ஒருத்தர் ஆரம்பிச்சாரு. குணாளன் சார் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. நான் பின்னால நிக்கலை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மேசையில உக்காந்தேன்.

வீடு வேணும்னு சொன்னேன். நேத்தும் கேட்டோம், இன்னிக்கும் மனு குடுத்திருக்கோம், வீடு குடுக்குற வரைக்கும் அரங்குலதான் குடியிருப்போம், காலி பண்ண மாட்டோம். ஆனா அந்தக் குளத்துல ஒரு கூடை மண்ணு வுழுந்தாலும் அதே கூடையில திருப்பி அள்ளுவோம்னு சொன்னேன்.

மண்ணைப் போடலாம்னவரு, பொறுப்பாளர் இல்லாத இடம்னாரு. பதிவேட்டைத் தொறங்கன்னேன். விதியில ஆள் பேருன்னுதான் இருக்கு, எத்தனை ஆளுன்னு இல்லை. மொதல்ல எம்பேரு. அப்புறம் எம்மவ ஜமீலா. வயசைக் கேட்டுச்சு கம்ப்யூட்டர், ஏழுன்னு போட்டேன், எடுத்துக்கிச்சு. ஒருத்தர் பின்னால ஒருத்தரா வந்து நின்னு எல்லாரும் போட்டாங்க. ராத்திரி ஆயிருச்சு. மொத்தம் எரநூத்துப் பன்னெண்டு பேரு. காத்தமுத்தண்ணன் கடைசியில வந்து தன் பேரையும் போட்டாரு.

இனிமே இந்தக் கட்டம் காலியாவணும்னா நாங்க எல்லாரும் சாவணும்.

வடக்கு மடை மூடல். தெற்கு மடை பழுது, முன்னால பலகை போட்டு அடைச்சிருக்கு, மோட்டாருக்கு எழுதியிருக்கு. அறையில கசிவு இல்லை. நாளைக்கு அளக்குறது என் பக்கத்துக் கட்டில் செபஸ்தியார் முறை.